வெட்டுதல் வேறு, வேரறுத்தல் வேறு

மரங்களைப் பற்றிப் பேசப் புகுவோர் இக்காலத்து இரு சாராராய் நிற்கின்றனர். ஒரு சாரார், மரத்தை வெட்டுதல் எவ்வாற்றானும் தீது என்பர்; கோடரி எடுத்தவனைக் கொலைஞனோடு ஒப்ப எண்ணுவர். மற்றொரு சாரார், தம் நிலத்தில் நிற்பது தம் மரம், அதனை வைத்தலும் வீழ்த்தலும் தம் விருப்பம், அதுபற்றி வினவ அயலாருக்கு உரிமை யாது என்பர். முன்னவர் பெரும்பாலும் நகரத்தில் வாழ்வோர். பின்னவர் பெரும்பாலும் நிலமுடையோர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பது என் கருத்து. தன் நிலத்து மரத்தை வெட்ட ஒருவனுக்கு உரிமை உண்டு. ஆயின், அது மீண்டும் தழைக்குமாறு வெட்டுங் கடமையும் அவ்வுரிமையோடு உடன்பிறந்தது. இதனையே ஈண்டு நிறுவ முயல்கின்றேன்.

தமிழ் பயிலும் மாணவனாதலின் சொல்லினின்றே தொடங்குகின்றேன். மரத்தின்மேற் கருவி படும் செயல்களுக்கு நம் மொழி வேறு வேறு சொற்களை வைத்துள்ளது. தழைக்காகவோ, வெளிச்சம் வேண்டியோ கிளைகளை நீக்குதல் கழித்தல் எனப்படும். அதனையே தோட்டக்காரர் கவாத்து என்பர். நுனியை மட்டும் கொள்ளுதல் கொய்தல். அடிமரத்தைத் துண்டித்தல் தறித்தல். வேரோடு நீக்குதல் களைதல். அறுத்த கரும்பின் அடியினின்று இரண்டாம் முறை எழும் பயிரை உழவர் மறுதாம்பு என்று வழங்குவர்; வெட்டிய மரத்தின் தூரிலிருந்து எழும் தளிருக்கும் அப்பெயர் நன்கு பொருந்தும். இத்துணைச் சொற்கள் ஒரு மொழியில் வழங்குமாயின், அம்மொழியைப் பேசியோர் வெட்டுதலை ஒரே செயலாகக் கருதவில்லை என்பது தெளிவு. இன்றோ இவையனைத்தையும் ‘மரம் வெட்டுதல்’ என்னும் ஒரு தொடருள் அடக்கி, அதனை முற்றும் வெறுக்கவோ முற்றும் வேண்டவோ செய்கின்றோம். சொல் மயங்கியவிடத்துச் செயலும் மயங்குகின்றது.

சங்கச் சான்றோர் இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தனர். நற்றிணையின் 226ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் மூன்று செய்திகளை அடுக்குகின்றார். மருந்து கொள்வோர் அம்மரமே பட்டுப்போகுமாறு கொள்வதில்லை. தவஞ் செய்வோர் தம் வலிமை முற்றும் அழியுமாறு செய்வதில்லை. அரசர் குடிகளின் வளங் கெடுமாறு பொருள் பெறுவதில்லை என்பன அவற்றின் கருத்து. பாட்டு அகப்பொருள் பற்றியது. பிரிவாற் பிறந்த துன்பத்தைக் கூறுவது. எனினும் அவர் எடுத்துக்கொண்ட உவமை நமக்குப் பெரியதோர் அறத்தைக் காட்டுகின்றது. மருந்து கொள்ளலாகாது என்று அவர் கூறினாரல்லர். அரசன் இறை கொள்ளலாகாது என்றும் கூறினாரல்லர். கொள்ளுதலை ஒப்புக்கொண்டு, கொள்ளும் அளவையே வரையறை செய்தார். மரமுடையோனையும் நாடாள்வோனையும் ஒரே வரிசையில் வைத்தமையும் கருதத்தக்கது. தன் நிலத்தில் ஒவ்வோர் உழவனும் ஒரு சிற்றரசனே யன்றோ?

நம் திருமறையில் யோபுவின் நூல் 14ஆம் அதிகாரமும், வெட்டுண்ட மரத்திற்கு மீண்டும் தழைக்கும் நம்பிக்கை உண்டென்பதைக் கூறி, மாந்தனுக்கு அந்நம்பிக்கை இல்லையே என்று இரங்குகின்றது. தமிழ்நாட்டுக் குறிஞ்சிக்கும் கீழ்நாட்டு வறண்ட நிலத்திற்கும் இடையே எத்துணையோ தொலைவு. இரு நிலத்து மக்களும் வெட்டிய மரத்தின் அடியை உற்று நோக்கியிருந்தனர் என்பது மட்டும் உறுதி.

இனி, மரம் மீண்டும் துளிர்ப்பது யாங்ஙனம் என்பதை நோக்குவோம். இலைகள் ஆக்கிய உணவில் ஒரு பகுதி மாவுச்சத்தாக வேரிலும் அடிமரத்திலும் சேமித்து வைக்கப்படுகின்றது. அடிமரத்துப் பட்டையின் கீழே உறங்கும் அரும்புகள் பல உள. மேல்மரம் நிற்குங்காறும், அதன் நுனிகளில் தோன்றிக் கீழிறங்கும் ஒருவகைச் சாறு அவ்வரும்புகளை எழவொட்டாமல் அடக்குகின்றது. மேல்மரம் நீங்கியவுடன் அத்தடையும் நீங்க, அரும்புகள் வேரின் சேமிப்பை உண்டு தளிராகின்றன. விதையினின்று பிறந்த கன்று தன் வேரைத் தானே ஊன்றிக்கொள்ள வேண்டும். அடிமரத்துத் தளிருக்கோ, பல்லாண்டுகளாக ஆழ இறங்கிய வேர் முன்னரே ஆயத்தமாயுள்ளது. ஆதலின் அது கன்றினும் விரைந்து உயர்கின்றது. கோடையையும் கன்றினும் நன்கு தாங்குகின்றது. ஆகவே, மரத்தின் செல்வம் நம் கண்ணுக்குத் தோன்றும் தண்டிலும் கிளையிலும் மட்டும் இல்லை. தண்டு வட்டி, வேரே முதல். வட்டியை உண்பவன் வாழ்வான். முதலை உண்பவன் ஒருநாள் மட்டும் நன்றாக உண்பான்.

இவ்வுண்மையை உணர்ந்தோன் வெட்டும் முறை வேறாயிருக்கும். அதனை ஐந்து கூறாகச் சொல்லலாம்.

முதலாவது, வெட்டு. அரும்புகள் பட்டையின் கீழ் இருத்தலின், பட்டை உரியாதவாறும் தூர் பிளவாதவாறும் கூரிய கோடரியாலோ வாளாலோ வெட்டுதல் வேண்டும். தரையினின்று அரையடிக்கு மேற்படாமல், ஒருபுறம் சரிவாக, வழவழப்பாக வெட்டினால் மழைநீர் தேங்காது, தூர் அழுகாது. ஆடுமாடு திரியும் இடமாயின், ஆளுயரத்திற்கு மேலே வெட்டித் தலையை மட்டும் கழித்தல் நன்று. தளிர் அவற்றின் வாய்க்கு எட்டாது. பூவரசும் வாதநாராயணனும் வரப்புகளில் இவ்வாறே தழைக்காகக் கழிக்கப்படுகின்றன.

இரண்டாவது, காலம். கடுங்கோடையில் வெட்டிய தூர் துளிர்க்குமுன் உலர்ந்துபோகக் கூடும். வடகிழக்குப் பருவமழையை நம்பிய நிலங்களில், ஐப்பசி மழைக்குச் சற்று முன்னர் வெட்டுதல் ஏற்றது. கோடரி வைக்குமுன் அண்ணாந்து ஒருமுறை நோக்குதலும் வேண்டும். கூட்டில் குஞ்சு இருக்குமாயின் அது பறக்குங்காறும் பொறுத்தலால் வரும் இழப்பு மிகச் சிறிது.

மூன்றாவது, பங்கீடு. ஏழாண்டில் முதிரும் மரமாயின், நிலத்து மரங்களை ஏழு பங்காக்கி ஆண்டுக்கு ஒரு பங்கே வெட்டுதல் வேண்டும். ஏழாம் பங்கு வெட்டி முடியும்போது முதற்பங்கு மீண்டும் ஆயத்தமாயிருக்கும். நிலம் ஒருபொழுதும் வெறுமையாகாது; வீட்டிற்கு ஒவ்வோர் ஆண்டும் விறகும் கழியும் கிடைக்கும்.

நான்காவது, காவல். இளந்தளிருக்கு ஆட்டினும் கொடிய பகை இல்லை. முதல் இரண்டாண்டு முள் அடைத்துக் காத்தல் வேண்டும். ஒரு தூரில் பத்துப் பன்னிரண்டு தளிர் எழுமாயின், நல்லன இரண்டு மூன்றை நிறுத்தி ஏனையவற்றைக் கழித்துவிடுதல் வேண்டும். இல்லையேல், எல்லாம் மெலிந்து ஒன்றும் மரமாகாது.

ஐந்தாவது, எச்சம். விதைக்காகவும் நிழலுக்காகவும் பறவைக்காகவும் சில தாய்மரங்களைத் தொடாது விடுதல் வேண்டும். மிக முதிர்ந்த மரம் வெட்டியபின் துளிர்க்கும் ஆற்றல் குன்றியதாகும். அதன் பொந்துகளோ கிளிக்கும் ஆந்தைக்கும் வீடாகும். அத்தகையதை வெட்டிப் பெறுவதினும் விட்டுப் பெறுவதே மிகுதி.

இவ்வைந்தும் எல்லா மரத்திற்கும் பொருந்தும் என்று கொள்ளற்க. வேம்பு, புங்கு, பூவரசு, உசில், வாகை, தேக்கு முதலியன தூரினின்று நன்கு துளிர்ப்பவை. பனையும் தென்னையும் அங்ஙனம் அல்ல. அவற்றிற்கு உச்சியில் உள்ள ஒரே குருத்துத்தான் உயிர். குருத்துப் போயின் மரம் போயிற்று. சவுக்கு வெட்டியபின் பெரும்பாலும் துளிர்க்காது. ஆதலின் ஒவ்வொரு முறையும் புதிதாக நாற்று நடுகின்றனர். தைலமரமோ ஒருமுறை நட்டபின் மறுதாம்பாக இரண்டு மூன்று முறை வெட்டப்படுகின்றது. இவ்வேறுபாடு அறியாது பனையில் கோடரி வைப்பவன், வட்டியென்று எண்ணி முதலையே எடுத்துவிடுகின்றான். பனை பயன்தரப் பல்லாண்டு செல்லும். செங்கற் சூளையில் அது எரிந்து சாம்பலாக ஒரு பகல் போதும்.

மீண்டும் துளிர்த்தல் ஒன்றே நன்மையும் ஆகாது. சீமைக் கருவேல் இதற்குச் சான்று. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் எளியோர் பலர் அதனை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கின்றனர். வெட்ட வெட்ட அது மிகுகின்றது. நன்செய்யிலோ கண்மாயிலோ அதனை நீக்க விரும்புவோன், தறித்துப் பயனில்லை; களைதலே வேண்டும். முள்மரத்தை இளையதாயிருக்கும்போதே களைக, முற்றியபின் அது களைவோர் கையை வருத்தும் என்னுங் கருத்தை வள்ளுவர் 879ஆம் குறளில் பகையை ஒழித்தற்கு உவமையாகக் கூறினார். ஆகவே கழிக்கத்தக்கது எது, தறிக்கத்தக்கது எது, களையத்தக்கது எது, தொடவே தகாதது எது என்று தெரிந்து செய்தலே மரமுடையோன் அறிவு.

இக்கலை நம் நாட்டிற்கே உரியது என்று எண்ணற்க. இங்கிலாந்தில் சாமர்செட்டுச் சதுப்பு நிலத்தில் 1970ஆம் ஆண்டு பழைய மரப்பாதை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் மரங்கள் கி.மு. 3807ஆம் ஆண்டை ஒட்டி வெட்டப்பட்டவை என்று மரவளையங்களை எண்ணி அறிஞர் துணிந்தனர். அப்பாதையின் கழிகளுள் தூரினின்று மீண்டும் வளர்த்துக் கொள்ளப்பட்டவையும் இருந்தன. அந்நாட்டில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் 1543ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், இத்தகைய காட்டை வெட்டுவோர் ஏக்கருக்குப் பன்னிரண்டு மரங்களை நிறுத்தி வைத்தல் வேண்டும் என்றும், வெட்டிய இடத்தில் சில ஆண்டுகள் கால்நடை புகாதவாறு அடைத்தல் வேண்டும் என்றும் விதித்தது. மேலே யாம் கூறிய எச்சமும் காவலுமே அங்குச் சட்டமாயின. வெட்டுதலைத் தடுப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று. அடுத்த முறை வெட்டுதற்கு மரம் இருத்தல் வேண்டும் என்பதே நோக்கம்.

நம் ஊர்களின் நிலை யாது? யான் திருநெல்வேலிச் சீமையில் மானாவாரி நிலம் மிகுந்ததொரு சிற்றூரைச் சேர்ந்தவன். எங்களூரில் மரம் என்பது அழகுப் பொருளன்று. ஏழையின் சேமிப்புப் பெட்டி. மகளின் திருமணம், மகனின் படிப்பு, மருத்துவச் செலவு என்னும் மூன்றும் வருங்கால் மக்கள் முதலில் நோக்குவது வரப்பில் நிற்கும் மரத்தைத்தான். யான் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில் என் பாட்டனார் எங்கள் புன்செய் வரப்பில் நின்ற வேம்புகளுள் மூன்றை விற்றுக் கட்டணத்திற் பெரும்பகுதியைச் செலுத்தினார். வாங்க வந்தவர் வேரோடு கேட்டார். வேர்க்கட்டைக்குச் சிறிது மிகுதியான விலையும் பேசினார். பாட்டனார் இசைந்திலர். தாமே அருகில் நின்று, தூர் பிளவாமல் வெட்டச் செய்து, சுற்றிலும் முள் அடைத்தார். இப்போது ஒவ்வொரு தூரிலும் மும்மூன்று தண்டுகள் மணிக்கட்டளவு பருத்து நிற்கின்றன. என் தங்கை கல்லூரிக்கு வருங்காலத்து அவை மீண்டும் விலைபோகும் அளவிற்கு வளர்ந்திரா. ஆயின் அவளுடைய மக்கட்கு அவை கட்டாயம் உதவும்.

எங்கள் நிலத்தை அடுத்த நிலத்தின் உரிமையாளர் தம் மரங்களை யெல்லாம் ஒரே நாளில் ஒரு வியாபாரிக்கு விற்றார். பொக்லைன் எந்திரம் வந்து வேரோடு பெயர்த்துச் சென்றது. அவர் தீயவர் அல்லர், கடன்பட்டவர். ஆயின் கடன் அடைந்த பின்னும் மரம் வரவில்லை. ஆடிக்காற்று அந்நிலத்து மண்ணை எங்கள் நிலத்தின்மேல் வாரித் தூவுகின்றது. அவ்வேலியில் தழை ஒடித்து ஆடு வளர்த்த இரண்டு குடும்பங்கள் இப்போது நெடுந்தொலைவு நடக்கின்றன. ‘என் நிலம், என் மரம்’ என்னும் கூற்றுக்கு இதுவே விடை. மரம் ஒருவனுடையதாயினும் அதன் நிழல் வரப்பைக் கடந்து விழுகின்றது. அதன் இழப்பும் வரப்பைக் கடந்தே சென்று தாக்குகின்றது. மேலும், அந்நிலம் அவனுக்கு முன்னோனிடமிருந்து வந்தது; பின்னோனிடம் செல்வது. இடையில் நிற்பவனுக்கு விளைவின்மேல் உரிமை உண்டு. விளைவிக்கும் ஆற்றலின்மேல் அத்துணை உரிமை இல்லை.

இனி, மரத்தைத் தொடவே கூடாது என்பாரை நோக்கி ஒன்று கூறுவேன். அவர்தம் அன்பை யான் மதிக்கின்றேன். ஆயின் அவர்கள் வீட்டிலும் கதவு உண்டு, கட்டில் உண்டு, எழுதும் மேசையும் தாளும் உண்டு. நம் மரத்தை நாம் வெட்டாவிடின் இவை வாராமற் போவதில்லை. பிறர் காட்டிலிருந்து வரும். நம் கண்ணுக்கு மறைந்த இடத்தில் கோடரி விழுதலால் நாம் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டோம். நம் கண்முன் விழும் கோடரியை நாம் நெறிப்படுத்தலாம்; காணாத கோடரியை யாங்ஙனம் நெறிப்படுத்துவது? மேலும், மரத்தால் யாதொரு பயனும் கொள்ளலாகாது என்று விதித்தால் உழவன் மரம் வளர்க்கவே அஞ்சுவான்.

சந்தனமே இதற்கு எடுத்துக்காட்டு. மைசூர் நாட்டில் 1792ஆம் ஆண்டு திப்பு சுல்தான் அதனை அரசுக்குரிய மரமாக்கினார். அக்கொள்கை பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. தன் நிலத்தில் தானே முளைத்த சந்தனக் கன்று உழவனுக்குச் செல்வமாகாமல் சுமையாயிற்று. காத்தல் அவன் கடன், பயனோ அரசினது. 2001இல் கருநாடகத்துச் சட்டமும் 2002இல் தமிழ்நாட்டுச் சட்டமும் திருத்தப்பட்ட பின்னரே, வளர்த்தோனே உடையவன் என்னும் நிலை வந்தது. இன்றும் வனத்துறையின் இசைவின்றி அதனை வெட்டலாகாது. உரிமையும் வரையறையும் ஒருங்கு நிற்றலே சால்புடைத்து.

சட்டம் வேண்டா என்பது என் கருத்தன்று. 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரத்தையும் இசைவின்றி வெட்டலாகாது என்று விதிக்கின்றது. சரிந்த மலையில் வேரே மண்ணைப் பிடித்து நிற்றலின் அது தக்கதே. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு அறிவித்ததும் தக்கதே. மீண்டும் துளிர்க்காத மரத்திற்குக் காவல் மிகுதியாகவே வேண்டும். ஆயினும் எதனை வெட்டலாகாது என்பதைச் சட்டம் சொல்லும். எங்ஙனம் வெட்டுவது என்பதை அது கற்பிக்காது. அதனைக் கற்பித்தோர் நம் பாட்டன்மார். அவர்கள் ஒவ்வொருவராய் மறைய, அவர்தம் அறிவும் சொல்லும் உடன் மறைகின்றன. கடன்பட்ட உழவன் மரத்தடியில் நிற்கும்போது அவனுக்கு வழிகாட்ட எஞ்சியிருப்பவர் விலைபேச வந்த வியாபாரி ஒருவரே.

இவ்விடத்தில்தான் நம் கல்லூரிக்கு ஒரு வேலை உண்டென்று கருதுகின்றேன். நம்முள் பலர் சிற்றூர்களினின்று வந்தவர். விடுமுறைக்கு அவ்வூர்களுக்கே திரும்புபவர். வரும் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் முதியோர் இருவரையேனும் அணுகி, எம்மரம் வெட்டினால் துளிர்க்கும், எந்தத் திங்களில் வெட்டுவது, எத்துணை உயரத்தில் வெட்டுவது, எத்தனை ஆண்டிற்கு ஒருமுறை வெட்டுவது என்று கேட்டு, அவர் கூறும் சொற்களாலேயே எழுதி வருவோமாக. தமிழ் மாணவர் அச்சொற்களைத் தொகுக்கட்டும். தாவரவியல் மாணவர் அவற்றின் உண்மையை ஆராயட்டும். தொகுத்தது ஒரு சிறு நூலாயின், எந்த உழவனும் மரத்தை விற்குமுன் அதனைப் படித்துப் பார்ப்பான். படிக்கவியலாதவனுக்கு அவன் மகன் படித்துச் சொல்வான்.

கல்வி கற்பதற்காக மரம் வெட்டப்பட்ட வீடுகள் நம்மிடையே பல உள. அவ்வீடுகளிலிருந்து வந்த நாம், வெட்டிய தூர் துளிர்க்கும் வழியைக் கற்று அவ்வீடுகளுக்குத் திருப்பிக் கொடுத்தல் முறையே யன்றோ? பட்டம் பெறுதற்கு முன்னரே செய்து முடிக்கத்தக்க பணி இது. நண்பர்கள் முன்வருவார்களாக.